ஓவுக்கும் ஓவுக்கும் பி பிறக்குமா? முதலில் கார்டைச் சந்தேகப்படுங்கள்

பிளட் பேங்க் கவுன்டருக்குச் சிலர் கையில் மூன்று அட்டைகளோடு வருவார்கள். அப்பாவின் டிரைவிங் லைசென்ஸ், அம்மாவின் கர்ப்பகால அட்டை, பிள்ளையின் ஸ்கூல் ஐடி கார்டு. மூன்றையும் மேஜையில் பரப்பி, குரலைத் தாழ்த்தி, "இது எப்படி சார் வரும்?" என்பார்கள். லைசென்ஸில் ஓ பாசிட்டிவ், கர்ப்பகால அட்டையில் ஓ பாசிட்டிவ், பிள்ளைக்கு பி பாசிட்டிவ். அந்தக் கேள்விக்கு அடியில் வேறொரு கேள்வி இருப்பது கேட்பவருக்கும் தெரியும், பதில் சொல்பவருக்கும் தெரியும். விதி சொல்லும் பதிலை அந்த இடத்திலேயே சொல்லிவிடுவது பெரிய தவறு. விதி சரிதான். விதிக்குள் போடும் குரூப்புகள் சரியா என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

விதி எளிது. 9ஆவது குரோமோசோமில் ஏபிஓ ஜீன் இருக்கிறது. ஒவ்வொருவருக்கும் அதில் இரண்டு பிரதி: ஒன்று அப்பாவிடமிருந்து, ஒன்று அம்மாவிடமிருந்து. ஏ ஜீன் ஒரு என்சைமைச் செய்கிறது. அது சிவப்பணுவின் மேல் ஒரு சர்க்கரைத் துணுக்கை ஒட்டுகிறது. பி ஜீனின் என்சைம் வேறொரு சர்க்கரையை ஒட்டுகிறது. ஓ ஜீன் பெரும்பாலும் ஏ ஜீனேதான், நடுவே ஓர் எழுத்து விடுபட்டுப்போன பிரதி. அந்த ஓர் எழுத்துப் பிழையால் என்சைம் வேலைக்கு ஆகாமல் போகிறது, எதுவும் ஒட்டப்படுவதில்லை. ஆகவே ஒரு ஏ, ஒரு ஓ வைத்திருப்பவர் சோதனையில் ஏ என்றே தெரிவார். இரண்டும் ஏ வைத்திருப்பவரும் ஏதான். கார்டில் இந்த இரண்டு பேருக்கும் வித்தியாசம் கிடையாது. பிள்ளைக்கு எது போகும் என்பதில்தான் வித்தியாசம்.

இதை வைத்துப் பார்த்தால் பெற்றோர் இருவரும் ஓ என்றால் பிள்ளை ஓ மட்டுமே. ஒருவர் ஓ, மற்றவர் ஏ என்றால் ஏ அல்லது ஓ. ஓவும் பியும் சேர்ந்தால் பி அல்லது ஓ. இருவரும் ஏ என்றால் ஏ அல்லது ஓ, இருவரும் பி என்றால் பி அல்லது ஓ. ஏ ஒருவர், பி ஒருவர் என்றால் நான்கில் எதுவும் வரலாம். ஏபி ஒருவராக இருந்து மற்றவர் ஏ, பி, ஏபி ஆகிய மூன்றில் எதுவாக இருந்தாலும் பிள்ளை ஏ, பி, ஏபி மூன்றில் ஒன்று, ஓ வராது. பலர் தடுமாறும் ஜோடி ஏபியும் ஓவும்தான். பிள்ளைக்கு ஏ வரும் அல்லது பி வரும். அப்பாவைப் போலவும் இருக்காது, அம்மாவைப் போலவும் இருக்காது. "இரண்டு பேர் குரூப்பும் வரலையே" என்று வீட்டில் முணுமுணுப்பு எழுவது இந்த ஜோடிக்குத்தான் அதிகம். உண்மையில் அங்கே பிள்ளைக்கு ஏபியோ ஓவோ வந்திருந்தால்தான் யோசிக்க வேண்டும்.

மறைந்திருக்கும் ஓவை டிஎன்ஏ சோதனை இல்லாமலே குடும்பத்தை வைத்துக் கண்டுபிடிக்கலாம். அப்பா ஏ, அவருடைய அம்மா ஓ என்றால் அப்பாவிடம் ஓர் ஓ இருந்தே தீர வேண்டும், ஏனென்றால் பாட்டியிடம் கொடுப்பதற்கு வேறெதுவும் இல்லை. அப்பா ஏ, அம்மா பி, மூத்த பெண் ஓ என்றால் அந்த ஒரு குழந்தையே இருவரிடமும் மறைந்திருந்ததைக் காட்டிக்கொடுத்துவிட்டது. அடுத்த பிள்ளைக்கு ஏ, பி, ஏபி, ஓ ஒவ்வொன்றுக்கும் 25 விழுக்காடு வாய்ப்பு. இதற்கு எதிர்த்திசையில் கணக்குப் போடும்போது கவனம் வேண்டும். அப்பா ஏ, அம்மா ஓ, பிள்ளைகள் மூன்றும் ஏ என்பதால் அப்பாவிடம் ஓ இல்லை என்று முடிவு கட்ட முடியாது. ஓ இருந்தும் மூன்று பிள்ளைகளும் ஏ ஆகப் பிறக்க எட்டில் ஒரு வாய்ப்பு உண்டு. நாலு பிள்ளைகளும் நாலு குரூப்பாக இருக்கும் வீட்டைப் பார்த்து வியக்கிறார்கள். மறைந்த ஓ இரு பக்கமும் உள்ள ஏ, பி ஜோடிகளில் நாலு பிள்ளை பெற்றவர்களை எடுத்தால், 32 குடும்பத்துக்கு 3 குடும்பத்தில் அப்படித்தான் அமையும்.

பாசிட்டிவ், நெகட்டிவ் தனிக் கணக்கு. அது 1ஆவது குரோமோசோமில் இருக்கும் டி ஜீன். ஒரு பிரதி இருந்தாலே பாசிட்டிவ், இரண்டிலும் இல்லையென்றால் நெகட்டிவ். பெற்றோர் இருவரும் நெகட்டிவ் என்றால் பிள்ளையும் நெகட்டிவ். இருவரும் பாசிட்டிவாக இருந்து பிள்ளை நெகட்டிவாகப் பிறப்பது முழுக்க இயல்பானது. இருவரும் ஒரு பிரதி மட்டும் வைத்திருந்தால் ஒவ்வொரு பிரசவத்திலும் 25 விழுக்காடு வாய்ப்பு. நம் ஊரில் நெகட்டிவ் சுமார் 5 விழுக்காடுதான் என்பதால், "எங்க வம்சத்திலேயே நெகட்டிவ் கிடையாதே" என்று சொல்லும் குடும்பங்களிலும் அந்த இல்லாத பிரதி தலைமுறை தலைமுறையாக வெளியே தெரியாமல் வந்துகொண்டிருக்கும்.

இனி அட்டைகளுக்கு வருவோம். ஸ்கூல் ஐடியில் இருப்பது பெரும்பாலும் பெற்றோர் படிவத்தில் எழுதிக் கொடுத்தது. லைசென்ஸில் இருப்பதும் அப்படித்தான், யாரும் ஊசி போட்டுப் பார்த்து எழுதுவதில்லை. கேம்ப்பில் எடுத்ததென்றால் விரலில் குத்தி டைல் மேல் பார்த்தது. டைல் முறை எப்படியென்றால், வெள்ளைத் தட்டில் மூன்று இடத்தில் ஆன்டி-ஏ, ஆன்டி-பி, ஆன்டி-டி ஒவ்வொரு சொட்டு விடுவார்கள். ஏ, பி, டி இருந்தால் ரத்தத்தைத் திரளச் செய்யும் இந்தச் சோதனைத் திரவத்துக்கு ஆன்டிசீரம் என்று பெயர். முதலாவது நீலம், இரண்டாவது மஞ்சள், மூன்றாவதுக்கு நிறமில்லை. ஒவ்வொன்றிலும் ஒரு சொட்டு ரத்தம், தனித்தனிக் குச்சியால் கலக்கி, தட்டை மெல்ல ஆட்டி, 2 நிமிடத்துக்குள் பார்க்க வேண்டும். ரத்தம் மணல் மணலாகத் திரண்டால் அந்தப் பொருள் இருக்கிறது என்று அர்த்தம்.

இதில் கெடுவதற்கு நிறைய வழி உண்டு. கூட்டம் அதிகமானால் ஒரே குச்சியால் மூன்றையும் கலக்கிவிடுவார்கள், ஏ ஆன்டிசீரம் பி பக்கம் போய்விடும். 2 நிமிடம் தாண்டினால் ஓரம் காய்ந்து திரண்டதுபோலத் தோன்றும். 2 முதல் 8 டிகிரியில் இருக்க வேண்டிய ஆன்டிசீராவை மதிய வெயிலில் மேஜைமேல் விட்டால் வீரியம் குறைந்து, இருப்பதையும் இல்லையென்று காட்டும். சிலர் ரத்தத்தில் குளிர்ச்சியில் மட்டும் வேலை செய்யும் ஆன்டிபாடி (எதிர்ப்புப் புரதம்) இருக்கும். அது மூன்று சொட்டிலும் திரளச் செய்து, ஆளை ஏபி பாசிட்டிவ் ஆக்கிவிடும். அதனால்தான் அனுபவமுள்ள டெக்னீஷியன் மூன்றும் திரண்டால் உடனே ஏபி பாசிட்டிவ் என்று எழுத மாட்டார். ஆன்டிசீரம் இல்லாத கன்ட்ரோல் சொட்டு ஒன்று வைத்துப் பார்ப்பார். அதுவும் திரண்டால் அந்த முடிவு செல்லாது. ஏபி அப்பாவுக்கு ஓ பிள்ளை என்று வரும் கேஸில் முதலில் சந்தேகிக்க வேண்டியது அப்பாவின் அந்தப் பழைய ஏபியைத்தான்.

பிள்ளையின் அட்டையும் குற்றமற்றதல்ல. பிறந்த அன்று தொப்புள்கொடியில் எடுத்த ரத்தத்தில் கொடியைச் சுற்றியுள்ள வழவழப்புப் பொருள் கலந்திருந்தால், சலைனில் நன்றாகக் கழுவாதவரை அது போலியாகத் திரளும். பச்சைக் குழந்தையின் சிவப்பணுவில் ஏ, பி அடையாளங்கள் அடர்த்தி குறைவு. பெரியவர்கள் அளவுக்கு வர 2 முதல் 4 வயது ஆகும். வலுவற்ற ஏ உள்ள குழந்தை பிறந்தபோது ஓ என்று பதிவாகி, பள்ளி போகும் வயதில் ஏ ஆவது இதனால்தான். குரூப் மாறவில்லை, முதலில் கண்ணில் படவில்லை, அவ்வளவுதான். இன்னொன்று, குழந்தைக்குப் பெயர் வைக்கும் முன் லேபிளில் அம்மாவின் பெயரோடு "பேபி ஆஃப்" என்று எழுதுவார்கள். அம்மாவின் குழாயும் குழந்தையின் குழாயும் ஒரே டிரேயில் போகும்போது அந்த இரண்டு சொல் விடுபட்டால், அம்மாவின் குரூப் குழந்தையின் டிஸ்சார்ஜ் சம்மரியில் ஏறிவிடும்.

ஆகவே அட்டை ஒத்துவராதபோது செய்ய வேண்டியது இது. மூவரும் ஒரே நாளில், ஒரே இடத்தில், உரிமம் பெற்ற பிளட் பேங்க்கிலோ நல்ல லேப்பிலோ, விரல் நுனியில் அல்ல, நரம்பில் ரத்தம் கொடுங்கள். பெயரும் வயதும் குழாயில் உங்கள் கண்ணெதிரே எழுதப்படட்டும். டியூப் முறையிலோ ஜெல் கார்டிலோ செய்யச் சொல்லுங்கள். "ரிவர்ஸ் குரூப்பிங்கும் வேண்டும்" என்று தனியாகக் கேளுங்கள். டியூப் முறையில் சிவப்பணுவைச் சலைனில் கழுவி 2 முதல் 5 விழுக்காடு கரைசலாக்கி, ஒரு சொட்டு ஆன்டிசீரத்தோடு சேர்த்துச் சுழற்றிப் பார்ப்பார்கள். ரிவர்ஸில் அதையே தலைகீழாகச் செய்வார்கள். உங்கள் சீரம் (ரத்தத்தில் அணுக்கள் நீங்கிய தெளிந்த நீர்) இரண்டு சொட்டு, தெரிந்த ஏ, பி, ஓ சிவப்பணு ஒவ்வொன்றாக ஒரு சொட்டு. ஏ குரூப்காரரின் சீரம் பி அணுவைத் திரட்டும், பி குரூப்காரருடையது ஏ அணுவை. ஓ உள்ளவர் சீரம் இரண்டையும் திரட்டும், ஏபி எதையும் திரட்டாது. இரண்டு பக்கமும் ஒரே பதிலைச் சொன்னால்தான் குரூப் உறுதி. குழந்தைக்கு 6 மாதம் ஆகும்வரை ரிவர்ஸ் பார்ப்பதில் பொருளில்லை. அதுவரை அதன் சீரத்தில் இருப்பது பெரும்பாலும் அம்மா கொடுத்த ஆன்டிபாடி. கடந்த 3 மாதத்தில் யாருக்காவது ரத்தம் ஏற்றியிருந்தால் அதை முதலிலேயே சொல்லிவிடுங்கள், ஏற்றிய அணு கலந்து குழப்பும். எலும்பு மஜ்ஜை மாற்று செய்துகொண்டவருக்கு ரத்தத்தின் குரூப் கொடுத்தவருடையதாகவே மாறிவிடும். ஆனால் அவர் பிள்ளைக்குக் கொடுத்த ஜீன் பழையதுதான்.

பெரும்பாலான கேஸ்கள் இங்கேயே முடிந்துவிடும். முடியாதவற்றில் அடிக்கடி சிக்குவது ஏ-வின் வலு குறைந்த உள்வகை. ஏ குரூப்பில் ஏ1, ஏ2 என்று உண்டு. ஏ2-வில் அடையாளம் குறைவு, பியோடு சேர்ந்தால் இன்னும் மங்கும். அப்படிப்பட்ட ஏ2பி அப்பாவைக் கேம்ப்பில் பி என்று எழுதிவிட்டால், ஓ அம்மாவுக்கு ஏ குழந்தை பிறக்கும்போது வீடு கலங்கும். இதைப் பிரித்தறிய உதவுவது எது தெரியுமா? கொள்ளு. நாம் ரசம் வைக்கும் அதே கொள்ளுதான். அதன் விதையிலிருந்து எடுத்த சாற்றைச் சரியான அளவில் நீர்த்தால் ஏ1 அணுவை மட்டும் திரட்டும், ஏ2-வை விட்டுவிடும். 1951இல் ஜி. டபிள்யூ. ஜி. பேர்ட் கொள்ளின் இந்தக் குணத்தை எழுதினார். இன்றும் உலகம் முழுக்க பிளட் பேங்க்குகளில் ஆன்டி-ஏ1 என்ற பெயரில் இருக்கும் பாட்டில் பெரும்பாலும் கொள்ளிலிருந்து வந்ததே.

நெகட்டிவிலும் இதே மாதிரி ஒன்று உண்டு: வீக் டி. சாதாரணமாகப் பார்த்தால் நெகட்டிவ், வலு குறைந்த டியையும் காட்டிக்கொடுக்கும் கூம்ப்ஸ் சீரம் சேர்த்துப் பார்த்தால் பாசிட்டிவ். நெகட்டிவ் பெற்றோருக்குப் பாசிட்டிவ் பிள்ளை என்றால் ஒருவர் வீக் டியாக இருக்கலாம். ரத்தம் கொடுக்கும்போது இவரைப் பாசிட்டிவாகவும், வாங்கும்போது நெகட்டிவாகவும் நடத்துவதே பழைய பாதுகாப்பான வழக்கம். அதனால் ஒரே ஆளிடம் இரண்டு விதமான கார்டு இருப்பதும் உண்டு. இரண்டு கார்டும் பொய்யல்ல. அபூர்வமாக ஏ, பி இரண்டும் ஒரே குரோமோசோமில் ஒட்டிக்கொண்டு வரும் சிஸ்-ஏபி என்ற வகையும் இருக்கிறது. அவர்களுக்கு ஓ துணையோடு ஏபி குழந்தையும் பிறக்கும், ஓ குழந்தையும் பிறக்கும். கொரியா, ஜப்பான் பக்கம் இது ஓரளவு தெரிந்த விஷயம்.

இத்தனை விலக்குகள் இருப்பதால்தான் பிளட் குரூப்பை வைத்து யார் அப்பா என்று தீர்ப்புச் சொல்லக் கூடாது. ஒத்துப்போவது எதையும் நிரூபிக்காது, ஓ பாசிட்டிவ் தெருவுக்குத் தெரு இருக்கிறார்கள். ஒத்துப்போகாததும் மேற்சொன்ன எல்லாவற்றையும் தாண்டிய பிறகே சந்தேகம் ஆகும். 1940களில் சார்லி சாப்ளின் மேல் நடந்த வழக்கில் அவர் ஓ, தாய் ஏ, குழந்தை பி என்று வந்தும் அமெரிக்க ஜூரி அவர்தான் தந்தை என்றது. அது சோதனையை அளவுக்குக் குறைவாக மதித்த கதை. இங்கே நாம் அதிகமாக மதித்து வீட்டைக் கெடுத்துக்கொள்கிறோம். இந்திய உச்ச நீதிமன்றமும் 1993இல் கௌதம் குண்டு வழக்கில், கேட்டவுடன் ரத்தப் பரிசோதனைக்கு உத்தரவிட முடியாது என்று சொல்லியிருக்கிறது.

குரூப் பரம்பரையில் உண்மையிலேயே உயிர் சம்பந்தப்பட்ட இடம் இந்தச் சந்தேகமெல்லாம் இல்லை, நெகட்டிவ் அம்மாதான். "புருஷன் பொண்டாட்டிக்கு ஒரே குரூப்பா இருந்தா பிள்ளைக்கு ஆகாது" என்று ஜாதகத்தோடு குரூப்பையும் பொருத்தம் பார்ப்பவர்கள் உண்டு. அதில் துளியும் உண்மையில்லை. பார்க்க வேண்டியது ஒன்றே ஒன்று: அம்மா நெகட்டிவ், அப்பா பாசிட்டிவ். குழந்தை பாசிட்டிவாக இருந்து, அதன் ரத்தம் அம்மாவுக்குள் கசிந்தால் அம்மாவின் உடல் அதற்கு ஆன்டிபாடி செய்யும். முதல் குழந்தை பெரும்பாலும் தப்பித்துவிடும், அடுத்த பாசிட்டிவ் குழந்தையின் சிவப்பணுவை அந்த ஆன்டிபாடி அழிக்கும். இது கல்யாணத்தை நிறுத்தும் காரணமும் அல்ல, ஊசியால் தடுக்கக்கூடியதுதான்.

அந்த ஆன்டி-டி ஊசி 300 மைக்ரோகிராம், 28ஆவது வாரத்தில் ஒன்று, குழந்தை பாசிட்டிவ் என்றால் பிறந்த 72 மணி நேரத்துக்குள் இன்னொன்று. 28ஆவது வாரத்தில், அம்மாவிடம் ஆன்டிபாடி உருவாகிவிட்டதா என்று பார்க்கும் ஐசிடி என்னும் இன்டைரக்ட் கூம்ப்ஸ் சோதனைக்கு ரத்தம் எடுத்த பிறகுதான் ஊசி போட வேண்டும். வரிசை மாறி முதலில் ஊசி போட்டுவிட்டால், ஊசி மருந்தே சோதனையில் பாசிட்டிவாகத் தெரிந்து எல்லாரையும் பயமுறுத்தும். அந்தக் குழப்பம் வாரக்கணக்கில் நீடிக்கும். மாறாக, ஊசிக்கு முன்பே ஐசிடி பாசிட்டிவ் என்றால் ஆன்டிபாடி ஏற்கெனவே உருவாகிவிட்டது. இனி ஊசியால் பயனில்லை, பெரிய மருத்துவமனையின் கண்காணிப்பு வேண்டும். ஒரு ஊசி ஏறத்தாழ 30 மில்லி குழந்தை ரத்தத்துக்குத்தான் போதும். பிரசவத்தில் அதிகம் கசிந்திருக்கலாம் என்று டாக்டர் நினைத்தால் கூடுதல் ஊசி தேவைப்படும். எல்லாரும் கோட்டை விடும் இடம் கருக்கலைப்பு. கலைந்தாலும், கலைத்தாலும், கரு குழாயில் தங்கினாலும், கர்ப்ப வயிற்றில் பலமாக அடிபட்டாலும் அந்த 72 மணி நேரக் கணக்கு பொருந்தும். வெளியே சொல்லக் கூச்சப்பட்டு மாத்திரையில் முடித்துக்கொள்பவர்களுக்கு இந்த ஊசி கிடைப்பதே இல்லை. பாதிப்பு பல வருடம் கழித்து, விரும்பிப் பெறும் குழந்தைக்கு வரும்.

அம்மா ஓ, குழந்தை ஏ அல்லது பி என்றால் வேறொரு சிறு பிரச்சினை. இது முதல் குழந்தைக்கே வரலாம். பெரும்பாலும் மிதமான மஞ்சள்காமாலைதான், விளக்கொளியில் வைக்கும் சிகிச்சையில் சரியாகிவிடும். ஆனால் பிறந்து 24 மணி நேரத்துக்குள் உடல் மஞ்சளானால் வெயிலில் காட்டிக்கொண்டு காத்திருக்காமல் அன்றே ரத்தத்தில் பிலிருபின் (மஞ்சளாக்கும் பொருள்) அளவைப் பார்க்க வேண்டும். அம்மா ஓ நெகட்டிவ், குழந்தை ஏ பாசிட்டிவ் என்றால் விசித்திரமாக ஒரு நன்மையும் உண்டு. உள்ளே கசிந்த குழந்தை அணுக்களை அம்மாவின் ஆன்டி-ஏ உடனே அழித்துவிடுவதால், டிக்கு எதிராக ஆன்டிபாடி உருவாகும் வாய்ப்பு குறைகிறது. அதற்காக ஊசியை விட்டுவிடக் கூடாது.

ரத்தம் தேவைப்படும்போது "அப்பா குரூப்தானே, அப்பாவே கொடுக்கட்டும்" என்பார்கள். குரூப் ஒத்தாலும் பெற்றோர், உடன்பிறந்தோர் ரத்தத்தில் ஓர் ஆபத்து உண்டு. ஜீன் நெருக்கத்தால், ஏற்றிய வெள்ளையணுக்களை அந்நியமென்று உடல் அடையாளம் காணாமல் விட்டுவிட, அவை உள்ளே குடியேறி உடலையே தாக்கும். அபூர்வம்தான், ஆனால் வந்தால் பிழைப்பது கடினம். உறவினர் ரத்தத்தைக் கதிர்வீச்சுக்கு உட்படுத்தாமல் ஏற்றக் கூடாது. அந்த வசதி இல்லாத இடத்தில் அப்பா தன் ரத்தத்தை பேங்க்குக்குக் கொடுத்துவிட்டு, முகம் தெரியாதவருடையதைப் பிள்ளைக்கு வாங்குவதே நல்லது.

கடைசியாக, ஆரம்பத்தில் சொன்ன ஓவும் ஓவும். எல்லாம் திரும்பச் செய்தும் இருவரும் ஓ, பிள்ளை பி என்றே வந்தால் ரிவர்ஸ் குரூப்பிங்கில் ஓ அணு இருந்த குழாயைப் பாருங்கள். ஓ அணுவை யாருடைய சீரமும் திரட்டக் கூடாது. பெற்றோரில் ஒருவருடையது திரட்டியிருந்து, அவருடைய சொந்த அணுவை மட்டும் திரட்டாமல் விட்டிருந்தால், அவர் பாம்பே குரூப்பாக இருக்கலாம். 1952இல் பம்பாயில் பெண்டே குழுவினர் கண்டறிந்தது. ஏ, பி சர்க்கரைகளை மாட்ட ஹெச் என்ற ஆணி வேண்டும். அது 19ஆவது குரோமோசோமில் தனியாக வரும் ஜீனின் வேலை. இரண்டு பிரதியும் பழுதானவருக்கு ஆணியே இல்லை. பி ஜீன் இருந்தும் மாட்ட இடமில்லாமல் ஓ போலத் தெரிவார். துணையிடமிருந்து நல்ல ஹெச் கிடைத்ததும் பிள்ளையிடம் அந்த பி வெளிப்பட்டுவிடும். ரிவர்ஸில் ஓ அணு வைக்காத லேப்புகள் இவர்களை ஓ என்றே அனுப்பிவிடும். உறுதிசெய்ய ஆன்டி-ஹெச் சோதனை உண்டு. அதற்கான சாறு, ஊட்டி மலைச்சரிவுகளில் களையாகப் பரவிக் கிடக்கும் மஞ்சள்பூ முட்புதரான யூலெக்ஸிலிருந்து எடுப்பது.

இவர்களுக்கு ஓ ரத்தம் ஏற்றினால் உயிருக்கே ஆபத்து, பாம்பே ரத்தம் மட்டுமே சேரும். கண்டுபிடித்த அன்றே பிளட் பேங்க்கில் பெயரைப் பதிந்துவிட வேண்டும். நாள் குறித்துச் செய்யும் ஆபரேஷன் என்றால், சாதாரணப் பையில் 35 நாள் தாங்கும் என்பதால், டாக்டர் அனுமதித்தால் தன் ரத்தத்தையே முன்கூட்டிச் சேமித்துக்கொள்ளலாம். குடும்பத்தில் ஆள் தேடும்போது பிள்ளைகளை வரிசையில் நிறுத்துவதில் பெரும்பாலும் பயனில்லை, துணை தந்த ஹெச் அவர்களிடம் இருக்கும். மாமன் மகள், அத்தை மகன் என்று சொந்தத்தில் கட்டியிருந்தால் மட்டும் பிள்ளைகளையும் பாருங்கள். முதலில் வரச்சொல்ல வேண்டியது அண்ணன், தம்பி, அக்கா, தங்கையை. அவர்களில் ஒவ்வொருவருக்கும் நாலில் ஒரு வாய்ப்பு.